கிளீனிங் கார்டின் தாய்

அந்த ஆஸ்பத்திரியில் கார்டு இல்லாமல் செய்யக்கூடிய காரியம் ஒன்றே ஒன்றுதான்: பிறப்பது. அதையும் தடுக்க முடியுமா என்று ஒரு குழு இரண்டு வருடம் உட்கார்ந்து யோசித்து, இப்போதைக்கு வழி தெரியவில்லை என்று அறிக்கை கொடுத்திருந்தது. பிறந்த மறுநிமிடத்திலிருந்து எல்லாவற்றுக்கும் கார்டு வேண்டும். படுக்க, மருந்து வாங்க, வந்து பார்க்க, வீட்டுக்குப் போக. செத்துப்போனவரை எடுத்துப் போக வருகிறவர்களுக்கு நீலக் கரை போட்ட கார்டு தனி.

இத்தனை கார்டும் பதினாலாம் நம்பர் அறையில் இருந்த ஒரே ஒரு மெஷினிலிருந்துதான் வந்தன. ரொட்டிப் பெட்டி அளவுதான் இருக்கும். முன்னால் ஒரு வாய். வெற்றுக் கார்டை அதில் செருகினால், உள்ளே இருக்கிற ஹெட் என்ற அச்சுமுனை ரிப்பனைச் சூடாக்கிச் சாயத்தைக் கார்டின் மேல் இறக்கும். படமும் பெயருமாக வெளியே வந்து விழும். அதை இயக்குகிற பெண்ணின் பதவி ‘கார்டு அச்சு இயக்குநர், மூன்றாம் நிலை (பொத்தான் மட்டும்)’. அடைப்புக்குறிக்குள் இருந்ததுதான் அவள் வேலை. மூடியைத் தொட அவளுக்கு உரிமை கிடையாது. மூடிக்குப் பூட்டு உண்டு, சாவி கண்காணிப்பாளரின் இடுப்பில். ரிப்பன் தீர்ந்தால் அவரே வந்து திறந்து, மாற்றி, பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார். பதினோரு வருடமாகப் பொத்தானை அமுக்கி வந்த அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியே பட்டனக்கா என்றுதான் கூப்பிட்டது.

வருடத் தொடக்கத்தில் மெஷினின் சின்னத் திரையில் ஒரு சிவப்பு வரி வந்தது: ‘ஹெட்டைச் சுத்தம் செய்யவும்.’ பட்டனக்கா ஓடிப்போய்ச் சொன்னாள். கண்காணிப்பாளர் வந்து பார்த்தார். மெஷின் ஒரு அதிகாரிக்கு உத்தரவு போடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை வெட்டித் திரையின் மேல் ஒட்டிவிட்டு, “இப்ப கவனம் சிதறாது பாரு” என்றார்.

இரண்டு மாதத்தில் கோடு விழ ஆரம்பித்தது. ஹெட்டில் அழுக்குப் படிந்த இடத்தில் சாயம் இறங்காது, சங்கதி அவ்வளவுதான். கார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெள்ளையாக ஒரு கோடு. அது போகிற வழியில்தான் படத்திலிருப்பவரின் இரண்டு கண்ணும் இருந்தன. வாசல் காவலர்களுக்கான விதியோ, கார்டில் கண்ணும் வாயும் தெரிந்தால்தான் ஆளை உள்ளே விடலாம் என்றது. வாசலில் ஒரே கூச்சல்.

கண்காணிப்பாளர் ஒரு முழு நாள் கதவைச் சாத்திக்கொண்டு சிந்தித்தார். வெளியே வந்தபோது முகம் பளபளத்தது.

“கோட்டை நகர்த்த முடியாது. ஆளை நகர்த்தலாம் இல்ல?” என்றார்.

மறுநாள் படம் எடுக்கிற நாற்காலிக்கு எதிரே ஒரு பலகை மாட்டப்பட்டது: ‘முகவாயை உயர்த்தவும்.’ எல்லாரும் கூரையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். கோடு கண்ணுக்குக் கீழே இறங்கி மூக்கைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போனது. மூக்கைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. ஆனால் வாசல் காவலர் கடமை தவறாதவர். கார்டில் இருப்பவர் மேலே பார்க்கிறார், எதிரே நிற்பவர் நேரே பார்க்கிறார் என்றால் இருவரும் ஒருவர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? ஆகவே உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டே வர வேண்டியதாயிற்று. ஒரு மாதத்தில் கண்ணாடிக் கதவில் மோதி மூக்கு உடைந்தவர்கள் மூன்று பேர். அவர்களுக்கு அவசர சிகிச்சைக் கார்டு போட்டுக் கொடுத்ததும் பட்டனக்காதான். அவர்கள் தலையை அண்ணாந்து வைத்திருந்ததால் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகவில்லை என்று கண்காணிப்பாளர் தன் மாத அறிக்கையில் எழுதினார்.

அழுக்கு அத்தோடு நிற்குமா? நாளுக்கு நாள் தடித்தது. மயிரிழையாக இருந்த கோடு விரல் கனத்துக்கு வந்தது. இப்போது நேரே பார்த்தால் கண் போயிற்று, மேலே பார்த்தால் வாய் போயிற்று.

சரியாக அந்த வாரத்தில்தான் பட்டனக்காவின் தங்கைக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு பெண் குழந்தை பிறந்தது. ஒரு கிலோ முந்நூறு கிராம். தூக்கிக்கொண்டு போய்ப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். தங்கையின் புருஷன் வேலைக்குப் போன இடத்திலிருந்து வந்து சேர இன்னும் பத்து நாள் ஆகும். அக்காவை விட்டால் அவளுக்கு அங்கே வேறு நாதி இல்லை.

டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். “பெட்டி பெட்டிதாம்மா. அம்மா நெஞ்சுச் சூடுதான் இதுக்கு மருந்து. தினம் நாலஞ்சு தடவை நெஞ்சோட சேத்து வச்சுக்கணும். நாளைக்கே ஆரம்பிச்சிடுங்க.”

நாளைக்கு ஆரம்பிக்கத் தாய் கார்டு வேண்டும். பட்டனக்கா தன் கையாலேயே அமுக்கினாள். தங்கையின் முகம் கண்கட்டு வித்தைக்காரி மாதிரி வெளியே வந்து விழுந்தது.

பச்சிளங்குழந்தைப் பிரிவு வாசலில் காவலர் கார்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“கண்ணு எங்கம்மா?”

“இதோ இருக்கே, மூஞ்சியில.”

“கார்டுல எங்கன்னு கேக்கறேன்.”

தங்கை தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அங்கே ஏற்கனவே பதினோரு தாய்மார் இருந்தார்கள், பதினோரு பேர் கையிலும் கண்ணில்லாத கார்டு. நர்ஸ் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி வாங்கிக்கொண்டு போவாள். குழந்தையைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். பார்க்க மட்டும் கார்டு கேட்கவில்லை. மறந்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் குழந்தையின் எடை முப்பது கிராம் குறைந்திருந்தது.

“அக்கா, ஊருக்கெல்லாம் கார்டு போடற. எனக்கு ஒண்ணு ஒழுங்கா போடக் கூடாதா?” என்றாள் தங்கை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். உப்பு இருந்தால் கொஞ்சம் கொடு என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

மெஷினோடு வந்த கையேட்டை அவள் மனப்பாடமாகப் படித்தவள். மெஷினுக்கென்றே கிளீனிங் கார்டு உண்டு. கார்டு அளவில்தான் இருக்கும், இரண்டு பக்கமும் ஸ்பிரிட்டில் ஊறிய துணி, பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் ஒட்டியிருக்கும். உறையைக் கிழித்து வாயில் செருகினால் உள்ளே போய் ஹெட்டைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பிறகு கொஞ்ச நேரம் உலர விட வேண்டும். அதோடு சரி. பெட்டியில் பத்து வந்திருந்தது. ஒன்பதை அதிகாரிகள் எடுத்துக்கொண்டு போய் மூக்குக் கண்ணாடி துடைத்துவிட்டார்கள். மிச்சம் ஒன்று.

நேரே கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள்.

“சார், மெஷினைச் சுத்தம் பண்ணணும்.”

“தினமும் பண்றாங்களே” என்று அவர் ஒரு பெரிய பதிவேட்டைத் திறந்து காட்டினார். துப்புரவு ஊழியர் தினமும் காலையில் மெஷினின் மூடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆயிரத்து நூற்று நாற்பது கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் கீழே கண்காணிப்பாளரின் எதிர்க் கையெழுத்து.

“அது வெளிய சார். அழுக்கு உள்ள இருக்கு.”

“இங்க பாரும்மா. மெஷின் சுத்தமா இருக்குன்னு பதிவேடு சொல்லுது. அழுக்கா இருக்குன்னு கார்டு சொல்லுது. பதிவேட்டுல கையெழுத்துப் போட்டது நான். கார்டைப் போட்டது நீ. எதை நம்பறதுன்னு நீயே சொல்லு.”

“தெனம் எரநூறு கார்டுல கோடு விழுது சார்.”

“அதான் சொல்றேன். எல்லாத்துலயும் ஒரே இடத்துல, ஒரே மாதிரி விழுது. இந்த ஆஸ்பத்திரியில வேற எந்த வேலையாவது இவ்வளவு ஒழுங்கா நடக்குதா?”

பட்டனக்கா பற்களைக் கடித்துக்கொண்டு, கிளீனிங் கார்டை மேஜையில் வைத்தாள். “இதை ஒரு தடவை உள்ள விட்டா போதும் சார். மூடி தெறக்க வேண்டாம், சாவி வேண்டாம். நான் பொத்தானை மட்டும்தான் அமுக்குவேன்.”

அவர் அதை எடுத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு முகம் மாறியது.

“இது கார்டு.”

“ஆமா சார். கிளீனிங் கார்டு.”

“இது யாரோட கார்டு?”

“யாரோடதும் இல்ல சார்.”

“அப்ப உள்ள போகாது.” சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைக் காட்டினார். உரியவரின் பெயர், படம், வயது, பால், தாயின் பெயர், எடை, ரத்தப் பிரிவு ஆகிய விவரம் பதியாத எந்தக் கார்டும் எக்காரணம் கொண்டும் மெஷினுக்குள் செல்லக்கூடாது. எழுதியவர் அவர்தான். “நாளைக்குத் தணிக்கை வந்து, உள்ள போன கார்டு இத்தனை, ஆளுங்க இத்தனை, ஒண்ணு உதைக்குதேன்னு கேட்டா நான் என்ன சொல்றது? ஆனா நான் மனுஷன். உன் கஷ்டம் எனக்குப் புரியுது. வழி இல்லன்னு சொல்லி அனுப்ப மாட்டேன்.”

வழி என்னவென்றால், கிளீனிங் கார்டையே ஆளாகப் பதிந்துவிடுவது.

பட்டனக்கா கதவுப் பக்கம் திரும்பினாள். ஆனால் பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள். ஆகிற காரியத்தைப் பார்ப்போம் என்று படிவத்தை வாங்கிக்கொண்டாள்.

பெயர்: கிளீனிங் கார்டு. வயது: உறையில் அச்சடித்திருந்த தேதிப்படி இரண்டு வருடம் நாலு மாதம். பால் என்ற இடத்தில் அவள் பேனா நின்றது.

“சுத்தம் பண்ற வேலைதானே? பெண்ணுன்னு போடு” என்றார் கண்காணிப்பாளர், தலையைத் தூக்காமலே.

தாயின் பெயர் கட்டாயம். “கோரிக்கை வச்சது யாரு? நீதானே. வேற யாரு பொறுப்பெடுத்துப்பா?” என்று அவரே பட்டனக்காவின் பெயரை எழுதினார். படத்துக்கு அதை நாற்காலியில் சாய்த்து வைத்தார்கள். உறையோடு எடுத்தால் முகம் மறையும் என்று படக்காரர் ஆட்சேபித்தார். உறையைக் கிழித்தால் ஸ்பிரிட் ஆவியாகி அது வெறும் துணியாகிவிடும் என்று பட்டனக்கா மன்றாடினாள். கண்ணாடி போட்டவர்களுக்கு உள்ள சலுகையின் கீழ் உறை அனுமதிக்கப்பட்டது. எடை: பதினோரு கிராம்.

மிச்சம் ரத்தப் பிரிவு. பரிசோதனைக்கூடத்துக்குச் சீட்டு எழுதினார்கள். அங்கிருந்தவர் பெயர் ஒட்டிய காலிக் குழாயை மற்ற குழாய்களோடு ரத்தம் பார்க்கிற மெஷினில் வைத்தார். மெஷின் கொடுத்ததைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். படிப்பது அவர் வேலை இல்லை. ‘ரத்தம்: இல்லை. ஹீமோகுளோபின்: பூஜ்யம்.’

அந்த ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் ஐந்துக்குக் கீழே போனால் கேள்வியே கேட்காமல் உடனே அட்மிட் செய்துவிடுவார்கள். நல்ல விதி; பல உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. பத்து நிமிடத்தில் இரண்டு பேர் தள்ளுவண்டியோடு பதினாலாம் நம்பர் அறைக்கு வந்து கிளீனிங் கார்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓடினார்கள். வயதைப் பார்த்தால் குழந்தைகள் வார்டு. எடையைப் பார்த்தால் பச்சிளங்குழந்தைப் பிரிவு. விதி எடையைத்தான் பார்த்தது.

பட்டனக்கா பின்னாலேயே ஓடினாள். “சார், அதை மெஷின்ல போடணும், தங்கச்சிக்குக் கார்டு எடுக்கணும்” என்று கண்காணிப்பாளரைப் பார்த்துக் கத்தினாள். அவர் கையை விரித்தார். “நோயாளியைப் போய் மெஷின்ல போடறதா? மொதல்ல தேறி வரட்டும்மா. நல்லா பாத்துப்பாங்க.”

நடைக்கூடத்து பெஞ்சில் இருந்த பன்னிரண்டு தாய்மாரும் தள்ளுவண்டி தங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்தார்கள். காவலர் கதவை அகலத் திறந்துவிட்டார். கிளீனிங் கார்டு உள்ளே போயிற்று. தங்கை அக்காவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு தன் கையிலிருந்த கார்டைப் பார்த்தாள்.

அன்று முழுக்க பட்டனக்கா ஒரு மேஜை விடாமல் அலைந்தாள். கிளீனிங் கார்டை டிஸ்சார்ஜ் செய்ய ஹீமோகுளோபின் ஏற வேண்டும். ஏறாது. தாய் எழுதிக் கொடுத்தால் கூட்டிப்போகலாம், ஆனால் எழுதிக் கொடுக்கிற தாய் உள்ளே வர வேண்டும், உள்ளே வரத் தாய் கார்டு வேண்டும். அவள் தன் கார்டைத் தானே போட்டுப் பார்த்தாள். கோடு அவள் கண்ணையும் விடவில்லை. அவளுக்கு இருந்த பயம் வேறு. கண்ணாடிப் பெட்டிக்குள் சூடு. அந்தச் சூட்டில் உறையின் ஒட்டு விட்டுப்போனால், உள்ளே இருக்கிற கடைசி ஈரமும் காய்ந்துவிடும். அப்புறம் கம்பெனியிலிருந்து புதிதாக வரவழைக்க மூன்று மாதம் ஆகும். மூன்று மாதத்தில் தங்கை பெண் என்ன ஆவாளோ. அதை நினைக்கும்போதெல்லாம் யாரையாவது நாலு அறை விட வேண்டும் போல இருந்தது. எதிரே இருந்த ஒவ்வொருவரும் அவரவர் வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் குழு கிளீனிங் கார்டின் நாடியைப் பிடித்துப் பார்த்து, நிலைமை கவலைக்கிடம் என்று எழுதியது. கவலைக்கிடமான குழந்தையின் தாய்க்குக் கார்டு தேவையில்லை. சிவப்புச் சீட்டுப் போதும். காவலரே பட்டனக்காவைத் தேடிக்கொண்டு வந்து சீட்டைக் கையில் கொடுத்தார்.

“சீக்கிரம் போங்கக்கா. மனசைத் தேத்திக்குங்க.”

“அப்ப என் தங்கச்சிக்கும் ஒரு சிவப்புச் சீட்டுக் குடுங்க.”

“அவங்க குழந்தைதான் நல்லா இருக்கே. நல்லா இருக்கிற குழந்தைக்குக் கார்டு வேணும்.”

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. வரிசையாகப் பெட்டிகள். நாலாவது பெட்டியில் தங்கையின் பெண். கையளவு முதுகு, அணில் குஞ்சு மாதிரி மேலும் கீழும் போய்வந்தது. ஐந்தாவது பெட்டியில் வெள்ளைத்துணி விரித்து, நெற்றி என்று அவர்கள் கருதிய இடத்தில் பஞ்சு வைத்து, கிளீனிங் கார்டு. பட்டனக்கா நாலாவது பெட்டியின் ஓட்டைக்குள் கையை நீட்டினாள்.

“உங்க குழந்தை அடுத்த பெட்டிக்கா” என்றாள் நர்ஸ்.

“என் தங்கச்சி பொண்ணும்மா இது. நான் பெரியம்மா.”

“தெரியும்க்கா. தெனமும் கண்ணாடிக்கு வெளிய நின்னு அவங்க அழறதையும் பாக்கறேன். எனக்கும் கண்ணு இருக்கு. ஆனா கேஸ் ஷீட்டுல இருக்கறதுக்குத்தான் நான் பதில் சொல்லணும்.” அவள் ஐந்தாவது பெட்டியின் மூடியை எடுத்தாள். கிளீனிங் கார்டை இரண்டு கையாலும் ஏந்தி பட்டனக்காவிடம் கொடுத்தாள். குரலைத் தாழ்த்தினாள். “டாக்டர் நெஞ்சோட சேத்து வச்சுக்கச் சொல்லி எழுதியிருக்காரு. ஒரு மணி நேரம். ரவிக்கைக்குள்ள வச்சுக்குங்க. நான் மருந்து எடுக்கப் போறேன், வரக் கொஞ்ச நேரம் ஆகும்.”

பட்டனக்கா உறையைத் தடவிப் பார்த்தாள். ஒரு ஓரம் பிரிய ஆரம்பித்திருந்தது, ஆனால் உள்ளே இன்னும் ஈரம் இருந்தது. ரவிக்கைக்குள் செருகினாள். ஸ்பிரிட்டின் குளிர்ச்சி நெஞ்சில் பட்டது. நாலாவது பெட்டியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு முந்தானையைப் போர்த்திக்கொண்டு விடுவிடென்று நடந்தாள். உள்ளே போகிறவர்களைச் சோதிக்கத்தான் விதி இருந்தது. வெளியே போகிறவளைக் காவலர் அனுதாபத்தோடு பார்த்தார், அவ்வளவுதான்.

கண்காணிப்பாளர் சாப்பிடப் போயிருந்தார். பட்டனக்கா உறையைக் கிழித்து, கார்டை மெஷினின் வாயில் வைத்து, பொத்தானை அமுக்கினாள். கம்ப்யூட்டர் கார்டுக்கு உரியவரின் பதிவு நம்பர் கேட்டது. இப்போது நம்பர் இருந்தது. அடித்தாள். மெஷின் அதை உள்ளே இழுத்து, முன்னும் பின்னுமாக இரண்டு தடவை ஓட்டி, வெளியே தள்ளியது. நடுவில் கரிக்கட்டை இழுத்த மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. பல மாத அழுக்கு அவ்வளவும் அதில் இருந்தது.

உலர விட வேண்டும் என்று கையேடு சொன்னதால் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு தங்கையின் கார்டைப் போட்டாள்.

கண் இருந்தது. இரண்டு கண்ணும், அழுது வீங்கிய இமையும், மூக்கும், வாயும் எல்லாம் இருந்தன. பட்டனக்கா அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே கம்ப்யூட்டரில் அடுத்த பெயரைத் தட்டினாள். பதினோரு தாய்மாருக்கும் பதினோரு கார்டு போட்டு முடித்தபோதுதான் கண்காணிப்பாளர் பல் குத்திக்கொண்டே உள்ளே வந்தார். அவர் மேஜை மேல் கிடந்த கறுப்புப் பட்டையைப் பார்த்தார். நோயாளியின் அடையாளம் அவருக்கு நன்றாகத் தெரியும். படிவத்தை நிரப்பியவரே அவர்தான்.

“என்ன காரியம் பண்ணிட்ட” என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பட்டனக்கா பன்னிரண்டு கார்டையும் அள்ளிக்கொண்டு அவரைத் தாண்டி ஓடினாள்.

வாசல் காவலர் தங்கையின் கார்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். கோடு இல்லாத கார்டை அவர் பார்த்து வெகுநாள் ஆகிறது. “கண்ணு இருக்கு. வாய் இருக்கு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கதவைத் திறந்தார். தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே பதினோரு பேர்.

விசாரணை மறுநாளே நடந்தது. துணை இயக்குநரே தலைமை. மேஜை நடுவில், ஒரு தட்டில், வெள்ளைத்துணி போர்த்தி, நோயாளி.

“இந்த ஆஸ்பத்திரி சரித்திரத்துலயே எடை குறைஞ்ச குழந்தை இது” என்றார் துணை இயக்குநர். குரல் தழுதழுத்தது. “பதினோரு கிராம். ரத்தமே இல்லாத ஒரு குழந்தையை ஒரு நாள் முழுக்க, ஒரு சிக்கலும் இல்லாம வச்சிருந்தோம். வேற எந்த ஆஸ்பத்திரியாலயாவது முடியுமா? மாநாட்டுல வாசிக்கக் கட்டுரை எழுதிட்டிருந்தேன். ஒரு தாயே வந்து இப்படிப் பண்ணுவான்னு நாங்க எதிர்பாக்கல.”

“சார், அது கிளீனிங் கார்டு” என்றாள் பட்டனக்கா.

“பேரு என்னவா இருந்தாலும் உயிர் உயிர்தானே.”

“அதை உள்ள விட்டதுனாலதான் கோடு போச்சு. பன்னெண்டு பேர் குழந்தையைக் கையில எடுத்தாங்க.”

“கோடு போச்சுன்னா, கோடு இருந்துச்சுன்னு ஆகுது” என்றார் கண்காணிப்பாளர் உடனே. “பதிவேட்டுப்படி மெஷின் எப்பவும் சுத்தம். இருந்ததா ஒத்துக்க முடியாத அழுக்கைத் துடைக்க ஒரு பச்சைக் குழந்தையை மெஷின்ல போட்டிருக்காங்க. அதான் சார் எனக்கு வேதனை.”

பட்டனக்கா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. யாராவது ஒருவர் உதட்டோரமாகச் சிரித்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வேலையை விட்டு நீக்குவது என்று முடிவாயிற்று. அதில் ஒரு சிக்கல் வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த ஊழியருக்குப் பதினைந்து நாள் துக்க விடுப்பு உண்டு. அந்த நாட்களில் அவர் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கக்கூடாது. ஆகவே முதலில் விடுப்பு, பிறகு நீக்கம். சாட்சியப் பொருள் என்பதால் மெஷினை அரக்கு முத்திரை வைத்துப் பதினாலாம் நம்பர் அறையோடு பூட்டினார்கள். எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். பட்டனக்காவும் நிற்க வேண்டியிருந்தது.

அங்கிருந்து நேரே பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குப் போனாள். சிவப்புச் சீட்டு காலாவதியாகிவிட்டதால் உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். தங்கை நாற்காலியில் சாய்ந்திருந்தாள். போர்வைக்குள்ளிருந்து, தங்கையின் கழுத்துக்குக் கீழே, கறுப்பாக ஒரு சின்னத் தலை. அக்காவைப் பார்த்ததும் தங்கை போர்வையை லேசாக விலக்கி, பிஞ்சுக் கை ஒன்றை விரலால் தூக்கிக் காட்டினாள். மொத்த ஆஸ்பத்திரி மேலும் இருந்த ஆத்திரம் அந்தக் கையைப் பார்த்ததும் பட்டனக்காவின் கண் வழியாக இறங்க ஆரம்பித்தது. துடைக்கத் துடைக்க நிற்கவில்லை.

காவலர் பக்கத்தில் வந்து நின்றார். “அழாதீங்கக்கா. அடுத்தவங்க குழந்தையைப் பாத்தா அப்படித்தான் இருக்கும். உங்களுக்கும் இன்னொண்ணு பொறக்கும்” என்றார். உண்மையாகவே வருந்தித்தான் சொன்னார்.

அப்போது ஒரு பெண்ணைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். காலையில்தான் பிரசவம் ஆகியிருந்தது. குழந்தையை நேரே உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம். ஒரு தடவை பார்த்துவிட்டுத் தொட்டுவிட்டு வர வேண்டும் என்றாள்.

“தாய் கார்டு?” என்றார் காவலர்.

“எங்க வாங்கணும்ங்க?”

காவலர் அவள் பக்கம் குனிந்து தணிந்த குரலில் சொன்னார். “பதினாலாம் நம்பர்மா. ஆனா பூட்டியிருக்கு. இந்தக்காவோட குழந்தை அந்த மெஷின்லதான் போயிடுச்சு. பதினஞ்சு நாள் துக்கம். முடிஞ்சப்புறம் வாங்க.”

அந்தப் பெண் பட்டனக்காவை நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய கண் நிரம்பியது. நாற்காலியிலிருந்தே எட்டி, பட்டனக்காவின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“பரவால்லக்கா. நான் காத்திருக்கேன்” என்றாள்.